சுகர் வந்த எலி போட்டதை விடாதா? (விவாதம்)

கடலோடி: 2018-ல மினசோட்டா பல்கலைக்கழகம் சோதிச்சுக் காட்டிடுச்சு. எலி வாசல்ல நின்னு, தீனிக்கு எவ்வளவு நேரம் காக்கணும்னு ஒலியில கேட்டு முடிவெடுக்கும்; உள்ள போய்க் காக்கும்போதும் நடுவுல விட்டுட்டுக் கிளம்பலாம். சுண்டெலி, எலி, மனுஷன் மூணுக்கும் 'இவ்வளவு நேரம் காத்தாச்சு, இனி விடக்கூடாது'ங்கிற பிடிவாதம் இருக்கு. சுகரும் பருமனும் வந்தா அது கூடத்தானே செய்யும்? எங்க பெரியப்பா நஷ்டப் பங்கை விக்காததுக்கு அவரோட சுகர்தான் காரணம்.

நெல்லைக்கணக்கன்: பெரியப்பாவை விடுங்க. ஆய்வுல வர்ற பருமன் எலியில ஒரு வகை லெப்டின் (தின்னது போதும்னு மூளைக்குச் சொல்ற ஹார்மோன்) இல்லாத எலி. 1949-ல ஜாக்சன் ஆய்வகத்துல கண்டுபிடிச்ச வகை. அதுக்கு வயிறு நிறைஞ்சதே தெரியாது. அது தீனிக்குக் காத்து நின்னா அது பசி. பிடிவாதம் இல்லை, பசி.

மருதாணி: கணக்கன் சார், பசின்னு ஒரே வார்த்தையில முடிக்காதீங்க. மிச்சம் 10 வினாடிங்கிற ஒரே நிலையில வச்சுத்தான் ஒப்பிடுறாங்க. ஏற்கெனவே 15 வினாடி காத்த எலி, இப்பதான் வந்த எலியை விட விடாம நிக்குது. பசி ரெண்டுக்கும் ஒண்ணுதானே?

நெல்லைக்கணக்கன்: ஒண்ணு இல்லைம்மா. 15 வினாடி தாண்டி யார் மிஞ்சுவா? அந்தத் தீனி மேல ஆசை அதிகமா இருந்த தடவைகள்தான் மிஞ்சும். மத்ததெல்லாம் முன்னாடியே கிளம்பியாச்சு. 2022-ல இதையே கணக்குப் போட்டு ஒரு கட்டுரை வந்துச்சு. திரும்பச் சொல்றேன்: பசி.

மருதாணி: அப்போ வாசல்ல யோசிச்சு நிக்கிற நேரம் ஏன் கணக்குல ஏறலை? உள்ள நுழைஞ்சு காத்த நேரம் மட்டும்தான் எலியைக் கட்டிப்போடுது. வெறும் பசின்னா ரெண்டு இடத்துலயும் தெரியணுமே. இதுக்குப் பதில் சொல்லுங்க.

சோமு_கோவை: எந்த சுகர்? முதல் வகையா, ரெண்டாவதா?

கடலோடி: சுகர்னா சுகர்தான் தம்பி. கணக்கன் போன மாசம் பேலியோ உணவுமுறை பத்தின விவாத இழையிலயும் இப்படித்தான் எல்லாரையும் விரட்டினாரு.

நெல்லைக்கணக்கன்: பேலியோ இழையில நான் சொன்னதுதான் சரி, போய்ப் படிங்க. மனுஷன்ல பருமனானவங்களுக்குப் பொதுவா லெப்டின் குறைச்சல் கிடையாது, ரத்தத்துல அதிகமாவே இருக்கும். மூளை அதைக் கேக்கிறதில்லை. பிறவியிலேயே லெப்டின் இல்லாத மனுஷங்க ரொம்ப ரொம்ப அபூர்வம். அந்த எலியைக் காட்டி ஒரு சுகர்காரரைப் பிடிவாதக்காரர்னு சொல்றது அநியாயம். எனக்கும் சுகர் இருக்கு, அதான் கோபம் வருது.

மருதாணி: கோபம் நியாயம். வாசல் கேள்வி இன்னும் அப்படியே நிக்குது.

நெல்லைக்கணக்கன்: வாசல்ல நிக்கும்போது வினாடி குறையாது. உள்ள போனாத்தான் ஒலி இறங்கி இறங்கி மிச்ச நேரத்தைச் சொல்லும். ரெண்டும் வேற வேற நிலைமை. எப்படிச் சேர்த்துப் பேசுறீங்க?

மருதாணி: அதைத்தானே நானும் சொல்றேன்!

கடலோடி: ஒரு மணி நேரத்துல அன்னிக்கு முழுசுக்கும் தீனி சம்பாதிக்கணும் அந்த எலி. அப்ப எல்லா எலிக்கும்தானே பசி? சார் மட்டும் பருமன் எலிக்கே பசியை எழுதி வச்சிட்டாரு.

நெல்லைக்கணக்கன்: நான் சொன்னதையே சொல்லிட்டு என்னையே கேக்குறீங்க. பசிதான். நாளைக்கும் பசின்னுதான் சொல்லுவேன்.

சோமு_கோவை: எந்த சுகர்னு இன்னும் யாரும் சொல்லலை.