நோயாளியிடம் சொல்லாதீர்கள் என்று குடும்பம் கேட்கும்போது என்ன செய்கிறீர்கள்?

வணக்கம். மருத்துவ மாணவர்களுக்கு நெறிமுறை வகுப்பு எடுக்கிறேன். 2019-ல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் ஏட்காம் (மனப்பான்மை, நெறிமுறை, தகவல்தொடர்புப் பயிற்சி) வந்த பிறகு தன்னுரிமை, நன்மை, தீங்கு செய்யாமை, நீதி என்று நான்கு நெறிமுறைக் கொள்கைகளையும் தேர்வில் அழகாக எழுதுகிறார்கள். வார்டுக்குப் போனால்தான் திணறுகிறார்கள். "அப்பாவுக்கு கேன்சர்னு சொல்லிடாதீங்க டாக்டர், உடைஞ்சிடுவார்" என்று மகன் வாசலிலேயே மறிக்கிறார். சம்மதப் படிவத்தில் கையெழுத்தும் அவரே போடுகிறார். பெரியவரோ தெளிந்த நினைவோடு உள்ளே படுத்திருக்கிறார்.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 2008-ல் சமீரா கோலி வழக்கில், வயதுவந்த மகள் மயக்க மருந்தில் இருந்தபோது அறுவை சிகிச்சைக்குத் தாய் கொடுத்த சம்மதம் செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். அவசரநிலையும் அங்கே இல்லை. ஆனால் தீர்ப்பைக் காட்டி அந்த மகனை ஒதுக்கிவிடுவது சரியென்று எனக்குத் தோன்றவில்லை. அவர் பயத்திலும் பாசத்திலும் கேட்கிறார். நாளை வீட்டில் பார்த்துக்கொள்ளப் போவதும் அவர்தான்.

டாக்டர்கள், செவிலியர்கள், வலி நிவாரண சிகிச்சையில் இருப்பவர்கள் உதவுங்கள். அந்த மகனிடம் முதலில் என்ன பேசுவீர்கள்? "உங்கள் நோயைப் பற்றி எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள்?" என்று பெரியவரிடம் எப்போது, யார் முன்னால் கேட்பீர்கள்? நீங்கள் சொன்ன வார்த்தைகள் அப்படியே கிடைத்தால் மாணவர்களை நடித்துப் பழக வைப்பேன். பெயர், ஊர், மருத்துவமனை விவரம் வேண்டாம்.