மறு: ‘பெண்குறி நைவுப்புண்’ – மாற்றுச்சொல்

குழுவினருக்கு வணக்கம்.

பெண்குறியின் மேல்தோலில் செல்கள் மாறி, பின்னால் புற்றுநோயாகக்கூடிய நிலைக்கு (ஆங்கிலத்தில் vulval intraepithelial neoplasia) நம் சொற்பட்டியலில் உள்ள ‘நைவுப்புண்’ வேண்டாம் என்பதே என் கட்சி. புண் என்று படிக்கும் பெண், தனக்குப் புண் எதுவும் இல்லையே என்று துண்டறிக்கையை மடித்து வைத்துவிடுவார். இங்கே வருவது பெரும்பாலும் வெள்ளையாகவோ சிவப்பாகவோ கறுப்பாகவோ சற்றுத் தடித்த ஒரு திட்டு. கூடவே விடாத அரிப்பு, எரிச்சல். சிலருக்கு அதுவும் இருக்காது. ‘முன்புற்று’ என்றால் ‘முன்பு உற்று’ என்று பிரிக்க இடமுண்டு. அதனால் ‘புற்றுமுன் திட்டு’ என்கிறேன்.

பெண்குறிக்கு ‘அல்குல்’ என்ற பழஞ்சொல் வேண்டுமென்ற நண்பருக்கு: அது இடையா, வேறா என்ற தகராறே இன்னும் ஓயவில்லை. பெண்குறி போதும். ‘கருப்பை வாய்’ என்ற சொல்லையும் இதில் கலக்கவேண்டாம். சிங்கப்பூரில் 30 வயது முதல் 5 ஆண்டுக்கு ஒருமுறை செய்யும் எச்பிவி (மனிதப் பாப்பிலோமா கிருமி) பரிசோதனை கருப்பை வாய்க்கானது. அதில் குறை இல்லை என்று பலதுறை மருந்தகத்தில் சொன்னால், பெண்குறியின் வெளித்தோலுக்கும் சேர்த்துத்தான் என்று நினைப்பவர்கள் உண்டு.

அப்புறம் வகைகள். ஒன்று எச்பிவி கிருமியால் வருவது, பெரும்பாலும் 16ஆம் வகை. ‘எச்பிவி வகை’ என்றால் முடிந்தது. சிக்கல் மற்றதில். அது லைக்கன் ஸ்கிளிரோசஸ் போன்ற நாட்பட்ட தோல்நோயை ஒட்டி, மூத்த பெண்களுக்கு வருவது. ஆங்கிலத்தில் differentiated என்பதால், பட்டியலில் அதை ‘வேறுபட்ட வகை’ என்று போட்டிருக்கிறோம். எதிலிருந்து வேறுபட்டது? அங்கே சொல்லவருவது செல்கள் முதிர்ந்து, இயல்பானவை போலவே தெரிவதை. அதனால்தான் நுண்ணோக்கியில் பார்ப்பவர்களுக்கே தப்பிவிடுகிறது. புற்றுநோயாக மாறும் ஆபத்தும் இதற்கே அதிகம். ‘முதிர்தோற்ற வகை’ சரியா?

சிகிச்சையும் இந்தப் பெயரைப் பொறுத்தது. எச்பிவி வகையில், ஊடுருவிய புற்று இல்லை என்று திசுச்சோதனையில் உறுதியானால், லேசர் அல்லது பல வாரம் தடவும் இமிக்விமாட் களிம்பு போதுமாகலாம். முதிர்தோற்ற வகையை வெட்டித்தான் எடுக்கவேண்டும். எதுவானாலும் திரும்ப வரலாம், தொடர்ந்து பார்க்கவேண்டும்; புகைபிடித்தால் இன்னும் மோசம்.

செல்மாற்றத்தின் அளவைக் குறிக்கும் 1, 2, 3 என்ற படிநிலைகளைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். பெண்குறி நோய்களை ஆராயும் பன்னாட்டுச் சங்கம் (ISSVD) 2004இலேயே அவற்றைக் கைவிட்டுவிட்டது. ‘எபிதீலியம்’ (உறுப்புகளின் பரப்பை மூடும் திசு அடுக்கு) என்பதற்கு இலங்கை நண்பர்களின் ‘மேலணி’ எனக்குச் சம்மதம். ‘பயாப்சி’க்குத் ‘திசுச்சோதனை’தானா, வேறு யோசனை உண்டா?