ஹாலோ நைட் வீடியோ கேமில் பழகியது அதன் அடுத்த பாகமான சில்க்சாங்கில் உங்களை எங்கே கவிழ்த்தது? அனுபவப் பகிர்வு

பாசிக்குகை:

சில்க்சாங்கின் ஹன்டர்ஸ் மார்ச் பகுதியில் இருக்கும் பெஞ்ச். அங்கே போனவர்களுக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

உயிரைக் கணக்கிடும் மாஸ்க் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். சிவப்புப் பூக்களின் மேல் குத்திக் குத்தித் தாவி, இரண்டு முறை விழுந்து, கடைசியில் ஒரு மூலையில் பெஞ்ச் கண்ணில் பட்டது. ஹாலோ நைட்டில் நூறு மணி நேரத்துக்கு மேல் போட்டவன் நான். உட்கார்ந்து ஓய்வெடுக்கும் இடம் என்பதால் பெஞ்சைக் கண்டால் கை தானாகத் தளர்ந்துவிடும். கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டு தண்ணீர் பாட்டிலை எடுத்தேன். சில்க்சாங்கில் நாம் இயக்கும் நாயகி ஹார்னெட் உட்கார்ந்தாள். உட்கார்ந்த மறுகணம் பொறி பாய்ந்தது. செத்தாள்.

மூடி திறக்காத பாட்டிலோடு திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோபம் இல்லை. நன்றாகத் தெரிந்த வீட்டில் படியை யாரோ மாற்றி வைத்த மாதிரி இருந்தது. அந்தப் பொறியை முன்கூட்டியே செயலிழக்க வைக்க மறைவாக ஒரு வழி இருக்கிறது என்று பின்னால்தான் தெரிந்தது. அதன் பிறகு கடைசி வரைக்கும், எந்த பெஞ்சில் உட்காரும் முன்பும் சுற்றிலும் ஒரு முறை ஊசியை வீசிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

முதல் ஆட்டம் என் நம்பிக்கையை இப்படி ஒரு நாளும் உடைத்ததில்லை.

---

வண்டுக்கூடு:

கடைசி வரியை ஏற்க மாட்டேன். ஹாலோ நைட்டின் டீப்நெஸ்ட் பகுதியில் இருக்கும் பீஸ்ட்ஸ் டென் மறந்துவிட்டதா? முகமூடி போட்ட பக்தர்கள் சுற்றி நின்று, வா, ஓய்வெடு என்கிறார்கள். பெஞ்சில் உட்காருகிறோம், வலையில் கட்டிப்போட்டுவிடுகிறார்கள். இரண்டு ஆட்டங்களையும் உருவாக்கிய டீம் செர்ரி 2017-லேயே செய்த வேலைதான் இது. உயிர் போகவில்லை என்பது மட்டும்தான் வித்தியாசம்.

எனக்கு இதில் பிடித்தது வேறு. அந்த டென் யாருடைய இடம்? ஹெர்ராவுடையது. ஹார்னெட்டின் அம்மா. அம்மா வீட்டில் பெஞ்சைப் பொறியாக வைத்து, முதல் ஆட்டத்தில் நாம் இயக்கும் நைட்டைப் பிடித்தார்கள். வேறொரு ராஜ்ஜியத்தில் மகள் அதே மாதிரிப் பொறியில் போய் உட்காருகிறாள். வேண்டுமென்றே செய்தார்களா என்று தெரியாது. ஆனால் பொறியில் மாட்டியதும் எனக்கு நினைவுக்கு வந்தது அந்த டென்தான். ஒரு நிமிடம் விளையாட்டை நிறுத்திவிட்டேன்.

---

ஆறாம்மாஸ்க்:

எனக்கு பெஞ்ச் இல்லை, கணக்கு.

ஹாலோ நைட்டில் நான்கு மாஸ்க் துண்டுகள் சேர்ந்தால் ஒரு புது மாஸ்க். ஐந்து ஆறாகும்போது கிடைக்கும் தெம்பு ஞாபகம் இருக்கிறதா? இங்கேயும் அதே நான்கு துண்டுகள்தான். கஷ்டப்பட்டுத் தேடி முடித்து, ஆறாவது மாஸ்க்கோடு நெஞ்சு நிமிர்த்திக்கொண்டு பாஸ் எனும் பெரிய எதிரி முன்னால் போய் நின்றேன். ஒரு அடி, இரண்டு மாஸ்க். இன்னொன்று, இன்னும் இரண்டு. மூன்றாவது அடியில் முடிந்தது. ஐந்து மாஸ்க் இருந்தபோதும் மூன்றாவது அடியில்தான் செத்தேன்! இரண்டிரண்டாகப் பிடுங்குகிற எதிரியிடம் ஐந்துக்கும் ஆறுக்கும் வித்தியாசமே இல்லை என்பது அங்கே நின்றபோதுதான் உறைத்தது. அதுவரை சேர்த்த துண்டுகள் எல்லாம் வீண் என்று தோன்றிய அந்த நொடி இன்னும் போகவில்லை.

அப்புறம் உட்கார்ந்து ஹீலிங்கையும் கணக்குப் போட்டேன். நைட் எதிரியை அடிக்கும் ஒரு அடிக்கு, ஹீல் செய்ய உதவும் சோல் 11 கிடைக்கும், ஒரு மாஸ்க்கை மீட்க 33 வேண்டும். அதாவது மூன்று அடிக்கு ஒரு மாஸ்க். ஹார்னெட்டுக்கு ஒரு அடிக்கு ஒரு நூல், ஒன்பது நூலுக்கு மூன்று மாஸ்க். விகிதம் ஒன்றேதான். ஆனால் நைட் சில்லறையாகச் செலவழிக்கலாம், ஹார்னெட் மொத்தமாகக் கொட்ட வேண்டும். எட்டு நூல் வைத்துக்கொண்டு செத்த தடவைகளை எண்ணவே முடியாது. சில்க்சாங் கஞ்சத்தனமாகத் தருகிறது என்று சொல்கிறார்கள், அது சரியில்லை. தருவது அதே அளவு, தருகிற விதம்தான் வேறு.

---

ஊசிநூல்:

நானும் ஹன்டர்ஸ் மார்ச்சில்தான் மாட்டினேன். ஹாலோ நைட்டில் கீழ் நோக்கி வெட்டினால் நேர் கீழே போகும். ஹார்னெட் சாய்வாகப் பாய்கிறாள். என் கட்டைவிரலுக்கு அது ஏறவே இல்லை. ஒரே பூவைத் தாண்ட ஒரு மாலை முழுக்கப் போனது.

உங்கள் எல்லோருக்கும் சில விஷயங்கள் சொல்ல வேண்டும். முதலில், ஹன்டர்ஸ் மார்ச் கட்டாயமே இல்லை. ஆரம்பத்தில் அங்கே போய் முட்டிக்கொள்ளாதீர்கள். வேறு பக்கம் சுற்றிவிட்டு, திறன்கள் சேர்ந்த பிறகு வாருங்கள். சாய்வுப் பாய்ச்சல் ஒத்து வரவில்லை என்றால், அடிக்கும் விதத்தை மாற்றும் வாண்டரர் க்ரெஸ்ட்டைத் தேடிப் போடுங்கள், ஆரம்பத்திலேயே எடுத்துவிடலாம். அடி நேர் கீழே போகும், நைட்டின் கை திரும்ப வந்த மாதிரி இருக்கும். ஹீல் செய்வதை தரையில் நின்று செய்யாதீர்கள். நைட் தரையில்தான் நிற்க வேண்டும், ஹார்னெட் காற்றிலேயே கட்டுப் போட்டுக்கொள்வாள். குதித்து, பாஸின் தலைக்கு மேல் இருக்கும்போது அழுத்துங்கள். நடுவில் அடி வாங்கினால் நூல் போய்விடும் என்பதால், ஒரு மாஸ்க் மிச்சம் இருக்கும்வரை காத்திருக்காமல் இரண்டு இருக்கும்போதே செய்துவிடுங்கள். இங்கே காசாக இருக்கும் ரோசரி மணிகளை உதிரியாக வைத்துக்கொண்டு அலையாதீர்கள். 80 மணி கொடுத்து 60 மணிச் சரமாகக் கோர்த்துக்கொள்ளுங்கள். இருபது போகும், ஆனால் செத்தாலும் சரம் உங்களிடமே இருக்கும். முதல் ஆட்டத்தில் பேங்க் நடத்திய மில்லிபெல்லை நம்பி ஜியோ காசைப் போட்டு, அவள் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு ஓடியதற்கு இது எவ்வளவோ மேல். வெளியான சில நாட்களிலேயே வந்த பேட்ச்சில் மூர்விங், சிஸ்டர் ஸ்ப்ளின்டர் என்ற இரண்டு பாஸ்களையும் கொஞ்சம் தணித்துவிட்டார்கள், அதனால் பழைய பதிவுகளைப் படித்து பயப்பட வேண்டாம். டூல்களையும் மறக்காதீர்கள். நைட்டிடம் இல்லாத வசதி அது. அவற்றை மறுபடி நிரப்ப வேண்டிய ஷார்ட்கள் தீர்ந்துவிடும் என்று பொத்திப் பொத்தி வைத்திருந்தேன், பெரிய தப்பு. எறியுங்கள்.

---

பாசிக்குகை:

ஊசிநூல், அக்கறைக்கு நன்றி. ஆனால் எப்படி ஜெயிப்பது என்று நான் கேட்கவில்லை. ஆட்டத்தை முடித்துவிட்டேன். அந்த ஒரு நொடி ஏன் இன்னும் மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது என்பதுதான் என் கேள்வி.

வண்டுக்கூடு, பீஸ்ட்ஸ் டென் விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி. ஆனால் அங்கே பக்தர்கள் பேசுவதிலேயே ஏதோ தப்பு என்று உறுத்தும், எச்சரிக்கை இருந்தது. மார்ச்சில் ஒரு வார்த்தை இல்லை.

---

வண்டுக்கூடு:

இடத்தின் பெயரே எச்சரிக்கைதானே. வேட்டைக்காரர்களின் எல்லைக்குள் பெஞ்ச் சும்மா கிடக்குமா?

---

கூட்டுப்பட்டு:

சின்ன விஷயம். ஹாலோ நைட்டில் செத்த இடத்துக்குத் திரும்பினால் நம் நிழலே நம்மை அடிக்க வரும். ஒவ்வொரு முறையும் பயத்தோடுதான் போவேன். சில்க்சாங்கில் முதல் தடவை திரும்பிப் போனபோது வெறும் கூடு ஒன்று இருந்தது. பழைய பயத்தில் தூரத்திலிருந்தே ஊசியை எறிந்துகொண்டிருந்தேன். உடைந்ததும் மணிகளோடு நூலும் முழுதாக நிரம்பியது. உடம்பு நோக நான் திரும்பி வருவேன் என்று தெரிந்து யாரோ எனக்காக எடுத்து வைத்திருந்த மாதிரி. எல்லோரும் இதைக் கொடூரமான ஆட்டம் என்கிறார்கள். எனக்கு அந்தக் கூடுதான் ஞாபகம் வருகிறது.

---

தலைகீழ்வரிசை:

நான் மாற்றி விளையாடியவன். 2025 செப்டம்பர் 4 அன்று சில்க்சாங் வந்தபோது ஹாலோ நைட்டைத் தொட்டதே கிடையாது. முதல் ஆட்டத்துக்கான கூடுதல் பகுதியாக (டி.எல்.சி.) தொடங்கியதுதான் தனி ஆட்டமாக வளர்ந்தது என்பதெல்லாம் அப்போது தெரியாது. முடித்துவிட்டுத்தான் ஹாலோ நைட்டைப் போட்டேன்.

க்ரீன்பாத்தில் முன்னால் சிவப்பாக ஒன்று ஓடி மறைந்தது. ஹார்னெட்! பல வாரம் என் கையில் இருந்தவள். பின்னாலேயே ஓடினேன், பேசப் போகிறாள் என்று நினைத்து. கதவு மூடியது, பாஸ் சண்டை.

அவள் ஊசியை நேராக எறிந்து நூலால் இழுத்தாள். அது என்னுடைய சில்க்ஸ்பியர். காற்றில் எழுந்து சாய்வாகப் பாய்ந்தாள். ஊசிநூலின் கட்டைவிரலுக்கு ஏறாத அதே சாய்வு, எனக்கு அது மட்டும்தான் பழக்கம். அப்புறம் தன்னைச் சுற்றி நூலை வட்டமாக விரித்தாள், த்ரெட் ஸ்டார்ம். அடுத்து என்ன செய்வாள் என்று எனக்கு ஒவ்வொன்றும் தெரிந்தது, ஏனென்றால் அவற்றை அழுத்திய விரல் என்னுடையது. தெரிந்தும் மூன்று முறை தோற்றேன். நைட்டுக்குக் காற்றில் ஹீல் செய்ய முடியாது என்பதை மறந்து குதித்துக் குதித்துப் பட்டனை அழுத்தினேன், ஒன்றும் நடக்கவில்லை.

நான்காவது முறை அவள் தடுமாறி மண்டியிட்டாள். அடிக்க வேண்டிய நேரம் அதுதான். நைட்டை அப்படியே நிற்க வைத்தேன். அவள் எழுந்து மறுபடி ஊசியை எறியும்வரை நான் எந்தப் பட்டனையும் தொடவில்லை.