மண் சுவரின் அடிப்பகுதி உப்பி உதிர்கிறது

கேள்வி: நாங்களே மண் குழைத்து எழுப்பிய வீடு. முழங்கால் உயரம் வரை சிமெண்ட் பூச்சு உப்பி நிற்கிறது. பெயர்ந்த இடத்தில் மண் சொதசொதவென்று விரலோடு வருகிறது. பார்க்கவே வயிறு கலங்குகிறது. மேலே இன்னொரு பூச்சு பூசலாமா?

பதில் 1: வேண்டாங்க! சிமெண்ட் ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும். எங்கள் சுவரும் இப்படித்தான் இளகியது. பூச்சு முழுவதையும் கொத்தி எடுத்து, சுவரை நன்றாகக் காயவிடுங்கள். அப்புறம் சுண்ணாம்பு பூசுங்கள்; ஈரம் வெளியேற அது வழிவிடும். அவசரம் மட்டும் கூடாது.

பதில் 2: கல் அடித்தளம் தரைக்கு மேல் எவ்வளவு? ஒன்றரை அடி இருந்தால் நல்லது. தரையில் பட்டுத் தெறிக்கும் மழைநீர்தான் அடிச்சுவரை அரிக்கும்.

கேட்டவர்: அரை அடிதான். சரி, மழைநீர் சுவரை விட்டுத் தள்ளி விழும்படி கூரை இறவாரத்தை (சுவரைத் தாண்டி நீளும் கூரை ஓரத்தை) நீட்டிவிடுகிறோம். கொத்தும் வேலை நாளைக்கே.