உக்கும் லேபிள்: கூடுதல் விலை கொடுத்து வாங்கலாமா?

வெள்ளவத்தை சவர்க்காரக்காரி
வீட்டில் வேப்பெண்ணெய்ச் சவர்க்காரம் செய்து விற்கிறேன். உறை வெறும் பழுப்புக் கடதாசி, அதில் கவலையில்லை. லேபிள்தான் தலைவலி. மூன்று மொழியிலும் விபரம் அடிப்பதால் உறையின் பாதியை மூடிவிடுகிறது. புறக்கோட்டையில் ஒருவர் ‘உக்கும் லேபிள்’ என்று ஒரு சுருளைக் காட்டி மூன்று மடங்கு விலை சொல்கிறார். “கரும்புச் சக்கைத் தாள்” என்பதற்கு மேல் அவரிடம் விளக்கம் இல்லை. யாராவது பாவித்திருக்கிறீர்களா?

தெஹிவளை மாடித்தோட்டம்
இறக்குமதி அப்பிளில் ஒட்டிவரும் ஸ்டிக்கர்களை என் பசளைத் தொட்டியிலிருந்து இன்னும் பொறுக்கிக்கொண்டிருக்கிறேன். பிரான்சில் 2022 முதல் வீட்டுத் தொட்டியில் உக்காத பழ ஸ்டிக்கர்களுக்குத் தடை. நமக்கு எப்போதோ!

கொட்டாஞ்சேனை அச்சகம்
தங்கச்சி, கரும்புக் கதையை விடுங்கள். தாள் எதில் செய்திருந்தாலும் உக்கும். பசையைப் பற்றிக் கேளுங்கள். ஸ்டிக்கர்களில் பெரும்பாலும் அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக் வகைப் பசைதான். தாள் மண்ணான பிறகும் அது சவ்வாகக் கிடக்கும். மேலே பளபளப்புப் படலமும் ஒட்டியிருந்தால் பேச்சுக்கே இடமில்லை.

சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். ஈஎன் 13432 என்ற ஐரோப்பியத் தரம் என்றால் தொழிற்சாலைக் கூட்டெருவுக்கானது. அங்கே வெப்பம் 58 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும். பல்கனிப் பூந்தொட்டி எங்கே அவ்வளவு சூடாகப் போகிறது? வீட்டுத் தொட்டிக்கு ‘ஓகே கொம்போஸ்ட் ஹோம்’ முத்திரை வேண்டும். 20 முதல் 30 பாகையில், 12 மாதத்துக்குள் 90 வீதம் சிதைகிறதா என்று பார்த்துக் கொடுப்பது அது. சான்றிதழ் தாளுக்கு மட்டுமா, பசையும் சேர்த்தா என்பதையும் வாசியுங்கள்.

மையிலும் வேடிக்கை உண்டு. வழக்கமான நீல, பச்சை நிறமிகளில் செம்பு இருக்கிறது. ஈஎன் 13432 செம்புக்கு விதித்த எல்லை கிலோவுக்கு 50 மில்லிகிராம். ‘இயற்கை’ என்று காட்டத்தான் எல்லோரும் பெரிய பச்சை இலை கேட்டு வருகிறார்கள்! நீங்கள் கறுப்பில் மட்டும் அடியுங்கள்.

என்னைக் கேட்டால் ஸ்டிக்கரே வேண்டாம். உறையிலேயே அச்சிடலாம், அல்லது தாள் பட்டி சுற்றலாம்.

வெள்ளவத்தை சவர்க்காரக்காரி
நன்றி அண்ணா. பட்டியை கோதுமை மாப் பசையால் ஒட்டலாமா? இங்கே கரப்பான் பூச்சித் தொல்லை. அதோடு ஈரக்காற்றில் சவர்க்காரமும் வியர்க்கிறது.

கொட்டாஞ்சேனை அச்சகம்
அப்படியானால் மாப் பசை சரிவராது. பழைய புத்தகம் கட்டுபவர்கள் பூச்சிக்கு மயில்துத்தம் கலப்பார்கள், ஆனால் அதுவும் செம்புதான். கொஞ்சம் தடித்த தாளில், ஒரு முனையில் கீறல் போட்டு மறுமுனையைச் செருகுங்கள். பசையே தேவையில்லை. சுற்றிவர நான்கு பக்கமும் எழுத இடமும் கிடைக்கும்.

வெள்ளவத்தை சவர்க்காரக்காரி
பட்டிகளை ஒரே அளவில் வெட்ட ஒரு வெட்டச்சு செய்யச் செலவு அதிகமா?

கொட்டாஞ்சேனை அச்சகம்
உடனே செய்ய வேண்டாம். முதல் தொகுதியைக் கத்தியால் வெட்டுங்கள். சவர்க்காரம் காய்ந்து சுருங்கும்போது பட்டி தளரும். அந்த அளவு பிடிபட்ட பிறகு வெட்டச்சுக்கு வாருங்கள்.