பழைய ஃபிளாஷ் பாடங்கள் போனில் திறக்கவில்லை, வழி உண்டா?

அறிவியல்_டீச்சர்:
எங்கள் பள்ளித் தளத்தில் 2009 வாக்கில் செய்த இதயம், நுரையீரல் அனிமேஷன் பாடங்கள் இருக்கின்றன. எல்லாம் ஃபிளாஷ் என்ற பழைய அனிமேஷன் மென்பொருளின் எஸ்.டபிள்யூ.எஃப் கோப்புகள். பிள்ளைகள் போனில் திறந்தால் படம் வர வேண்டிய இடம் காலியாகவே இருக்கிறது. என் போன் போன மாதம் வாங்கியது, 8 ஜிபி ராம். இதில் என்ன குறை?

ராத்திரிப்பறவை:
ஃபிளாஷ் பிளேயர் ஏபிகே (ஆண்ட்ராய்டில் நேரடியாக நிறுவும் கோப்பு) பிளே ஸ்டோருக்கு வெளியே கிடைக்கிறது, போட்டுப் பாருங்கள்.

பழைய_கணினி:
டீச்சர், அது வேண்டவே வேண்டாம். இன்று அந்தப் பெயரில் திரிவது வைரஸாக இருக்கலாம்.

குறை உங்கள் போனில் இல்லை. ஐபோனில் ஃபிளாஷ் 2007-இல் இருந்தே கிடையாது. பேட்டரியைத் தின்னும், அடிக்கடி நின்றுபோகும், விரலுக்காகச் செய்யப்பட்டதல்ல என்று ஆப்பிள் தலைவராக இருந்த ஸ்டீவ் ஜாப்ஸ் 2010-இல் வெளிப்படையாகவே எழுதினார்.

ராத்திரிப்பறவை:
ஆண்ட்ராய்டில் இருந்ததே?

பழைய_கணினி:
இருந்தது, 2.2 பதிப்பிலிருந்து. ஆனால் ஏஆர்எம்வி7 வகை சிப் (போனின் செயலி) வேண்டும். நான் அப்போது வைத்திருந்த மலிவு போனில் அதற்கு முந்தைய ஏஆர்எம்வி6. அதே ஆண்ட்ராய்டுதான், ஆனாலும் ஃபிளாஷ் ஏறாது. காரணம் புரியாமல் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். 2011 நவம்பரில் ஃபிளாஷை வெளியிட்ட அடோபி நிறுவனமே மொபைல் ஃபிளாஷைக் கைவிட்டது. 2020 டிசம்பர் 31-உடன் கணினியிலும் கதை முடிந்தது.

சரி, வழிக்கு வருவோம். ரஃபிள் என்று ஓர் இலவச எமுலேட்டர் (ஃபிளாஷ் பிளேயரைப் போலவே நடந்து அதன் கோப்புகளை ஓட்டும் மென்பொருள்) இருக்கிறது. வெப்அசெம்பிளி என்ற நிரல் வடிவில் பிரவுசருக்குள்ளேயே ஓடும், பிள்ளைகள் போனில் எதையும் நிறுவ வேண்டாம். தளத்தைப் பார்த்துக்கொள்பவரிடம் சொல்லி, பாடம் இருக்கும் பக்கங்களில் அதன் ஸ்கிரிப்டைச் சேர்க்கச் சொல்லுங்கள். கோப்புகளைத் தொடவே வேண்டியதில்லை.

அறிவியல்_டீச்சர்:
சேர்த்துவிட்டோம் சார். இதயமும் நுரையீரலும் ஓடுகின்றன! ஆனால் மதிப்பெண் போடும் வினாடி வினா பாதியில் நிற்கிறது. இன்னொன்று, மவுஸை மேலே கொண்டுபோனால் உறுப்பின் பெயர் வருமே, போனில் அது சரியாக வரவில்லை.

பழைய_கணினி:
வினாடி வினா ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் (ஃபிளாஷின் நிரல் மொழி) 3-ஆம் பதிப்பில் எழுதியதாக இருக்கலாம். அதற்கு ரஃபிளின் ஆதரவு இன்னும் முழுமையாகவில்லை. 1, 2 பதிப்புகள் நன்றாக ஓடும். ரஃபிளின் புதுப் பதிப்பைப் போட்டுப் பாருங்கள். அப்படியும் நின்றால் அந்த ஒன்றை மட்டும், பிரவுசர்கள் நேரடியாகக் காட்டும் எச்டிஎம்எல்5-இல் புதிதாகச் செய்துவிடுவது நல்லது. பத்துக் கேள்விதானே?

பெயர் விஷயத்துக்கு மருந்தில்லை. போனில் மவுஸ் இல்லாததால் 'மேலே கொண்டுபோவது' என்ற ஒன்றே கிடையாது. தொட்டுப் பிடித்துப் பாருங்கள்.

அறிவியல்_டீச்சர்:
தொட்டால் வருகிறது சார். ஆனால் பெயர் என் விரலுக்கு அடியில்தான் வருகிறது. போனைப் படுக்கவைத்துப் படத்தைப் பெரிதாக்கினால் படிக்க முடிகிறது. பிள்ளைகளுக்கு அதையே சொல்லிவிடுகிறேன்.