"ஜனநாயகப் பின்னடைவு" சரியா வருதா?

நண்பர்களே, ஆட்சில இருக்கறவங்களே ஜனநாயகத்தைக் கொஞ்சம் கொஞ்சமா காலி பண்றதுக்கு (இங்கிலீஷ்ல democratic backsliding) நம்ம கலைச்சொல் பட்டியல்ல "ஜனநாயகப் பின்னடைவு"ன்னே போட்டுட்டு வர்றோம், எனக்கு ஒட்டவே மாட்டேங்குது. ஓட்டு எண்ற அன்னிக்கு டிவில "அமைச்சர் பின்னடைவு"ன்னு ஓடும், அடுத்த ரவுண்டுல அவரே முன்னிலை. அப்படி வந்துபோற சமாச்சாரமா இது?

இந்தத் துறைல எல்லாரும் காட்டற கட்டுரை அரசியல் ஆய்வாளர் நான்சி பெர்மியோ 2016ல எழுதினது. ராணுவம் வந்து ஆட்சியைப் பிடிக்கறது குறைஞ்சு, தேர்தல்ல ஜெயிச்சு வந்தவங்களே தங்களைக் கட்டுப்படுத்தற கோர்ட்டு, பத்திரிகைன்னு ஒவ்வொண்ணோட பிடியையும் தளர்த்தி தங்களோட அதிகாரத்தைக் கூட்டிக்கறது பெருகுதுங்கறாங்க. ஹங்கேரில 2010ல மூணுல ரெண்டு பங்கு சீட்டோட வந்த ஃபிடெஸ் கட்சி அரசு, ஜட்ஜுங்க ஓய்வு வயசை 70லேர்ந்து 62க்கு இறக்குச்சு, சீனியருங்க மொத்தமா வெளிய, 2012ல ஐரோப்பிய நீதிமன்றம் தப்புன்னு சொல்றதுக்குள்ள பல நாற்காலில புது ஆளு உக்காந்தாச்சு. அத்தனையும் முறையா சட்டம் போட்டுத்தான்!

அதனால தேய்வு, நலிவு மாதிரி தன்வினைச் சொல் உதவாது, செஞ்சவன் தப்பிச்சுடுவான். "ஜனநாயகச் சிதைப்பு"ன்னு வைக்கலாம்ங்கறேன். (அரிப்புன்னு ஒருத்தர் சொன்னார், தோல் டாக்டர்கிட்ட அனுப்பிடுவாங்க. குலைப்புன்னா நாய் ஞாபகம் வருது.)

> சரிவு ஏன் வேணாம்? நாடுகளோட ஜனநாயகத்தை அளக்கற வி-டெம் (V-Dem) அறிக்கைக்குப் பொருந்துதே

பொருந்தும், ஆனா அது அளவைக்கு. வி-டெம்காரங்க ஸ்வீடன்ல கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்துல இருந்துக்கிட்டு நிபுணர்கள்கிட்ட கேட்டு மதிப்பெண் போடறாங்க, அது இறங்கினா சரிவு. 2024ல லிட்டில், மெங்னு ரெண்டு ஆய்வாளர்கள் என்ன சொன்னாங்க, ஆளுங்கட்சி தேர்தல்ல தோக்குதா மாதிரி எண்ணிப் பாக்கற விஷயங்களை வச்சுப் பாத்தா உலக அளவுல பெரிய இறக்கமே தெரியலன்னு. அந்தச் சண்டை சரிவு பத்தினது, ஹங்கேரில நடந்த சிதைப்பு பத்தினதில்ல. ரெண்டுக்கும் ஒரே சொல் வச்சா இதைத் தமிழ்ல எழுதவே முடியாது.

> சிதைப்புன்னா முழுசா முடிஞ்ச மாதிரி இருக்குங்க. போலந்துல 2018ல சுப்ரீம் கோர்ட்டு ஜட்ஜுங்க ஓய்வு வயசை 65க்கு இறக்கி, ஐரோப்பிய நீதிமன்ற இடைக்கால உத்தரவுக்கப்புறம் அந்த வருஷமே திரும்ப எடுத்துக்கிட்டாங்களே, அது?

அது சிதைப்பு முயற்சி, கொலை முயற்சிங்கற மாதிரி. வேற ஆட்சேபம் இல்லன்னா சிதைப்பு, சரிவு ரெண்டையும் பட்டியல்ல ஏத்திடறேன், பின்னடைவு ஓட்டு எண்றவங்களுக்கே இருக்கட்டும்.